முப்பதாயிரம் சம்பளம் என்றால் கையில் எவ்வளவு?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மாடிப் போர்ஷன்காரரின் தங்கை மகன் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். திருப்பத்தூர்ப் பக்கம் ஊர். பொறியியல் முடித்து ஏழு மாதம் ஆகிறது. "அண்ணா, மூணு அறுபது போட்டிருக்காங்க. சேரலாமா?" என்றான்.

மூணு அறுபது என்றால் வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். வேலை பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில். அவன் அம்மா அதைப் பன்னிரண்டால் வகுத்து, "பையனுக்கு மாசம் முப்பதாயிரம்" என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். மாடியில் இருந்து இறங்கி வந்த தாய்மாமனுக்கோ மனம் ஆறவில்லை. "நாலு வருஷம் படிச்சு இதுதானா? பைக்குல சாப்பாடு கொண்டுபோற பையன் இதைவிட அதிகமா எடுக்கிறான்" என்றார்.

நான் பெங்களூரில் பதினாறு வருடமாகச் சம்பளக் கணக்குப் போடும் வேலையில் இருக்கிறேன். அல்சூர் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்த இரண்டு பேச்சும் மாறி மாறிக் காதில் விழும். டிகிரி வாங்கினால் வாழ்க்கை செட்டில் என்பது ஒன்று. டிகிரியால் ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை என்பது மற்றது. இரண்டு பேருமே ஒரே ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் பேசுவதால், பதினேழு வயதுப் பிள்ளைகள் தவறான முடிவு எடுக்கிறார்கள். அதனால்தான் அடியிலிருந்து எழுதுகிறேன்.

## காகிதத்தில் இருக்கும் எண்

முதலில் அந்தக் காகிதம். அதில் மேலே பெரிதாகப் போட்டிருந்தது சிடிசி. ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்று அர்த்தம். அவன் கைக்கு வரும் பணம் அதில் ஒரு பகுதிதான்.

கல்யாணத்துக்குச் சமையல்காரர் தலைக்கு 300 ரூபாய் என்று பேசுகிறார். அந்த 300இல் அரிசி, காய், விறகு, பரிமாறுகிறவர் கூலி எல்லாம் அடக்கம். இலையில் விழும் சாப்பாட்டின் விலை மட்டும் அல்ல அது. சிடிசியும் அப்படித்தான்.

அவன் காகிதத்தை மாதக் கணக்காகப் பிரித்தோம். மொத்தம் 30,000. அதில் 3,000 'வேரியபிள்': கம்பெனியும் இவனும் நன்றாகச் செயல்பட்டால் வருடக் கடைசியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கம்பெனி தன் பங்காகச் செலுத்தும் பி.எஃப். 1,800. ஐந்து வருடம் தாண்டினால் கிடைக்கும் பணிக்கொடைக்கென்று 722. மருத்துவக் காப்பீட்டுக்கு 500. இவை போக 23,978. அதிலிருந்து இவன் பங்கு பி.எஃப்., அதாவது அடிப்படைச் சம்பளம் 15,000த்தில் 12 சதவீதம், இன்னொரு 1,800. கடைசியில் வங்கிக் கணக்கில் விழுவது 22,178.

பையன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு ஒன்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: பி.எஃப். காணாமல் போகும் பணம் இல்லை. இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 3,600 அவன் பெயரில்தான் சேர்கிறது; கம்பெனி பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி வட்டியோடு வளரும். ஆனால் அடுத்த மாத வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாது. ஊருக்கு முப்பதாயிரம், கைக்கு இருபத்திரண்டாயிரம். இந்த எட்டாயிரம் வித்தியாசம் தெரியாமல் பெங்களூருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் ஏராளம்.

## நெல்லாக அளந்த காலம்

இனி கொஞ்சம் பின்னால் போவோம். வயல் வேலைக்குக் கூலியை நெல்லாக அளந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. மரக்கால், படிக் கணக்கு. கூலி ஏறியதா இறங்கியதா என்று பார்க்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. போன வருடம் மூன்று படி, இந்த வருடமும் மூன்று படி என்றால் வீட்டில் உலை வைக்கும் அரிசி மாறவில்லை என்று அர்த்தம். தஞ்சைப் பகுதியில் கூலிப் போராட்டங்களே நெல் அளவை வைத்துத்தான் நடந்தன. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பரில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்ததும் கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட போராட்டம்தான்.

கூலி ரூபாயாக மாறியபோது வசதி கூடியது, ஆனால் அளவு கண்ணுக்கு மறைந்துவிட்டது. ரூபாய் நோட்டில் அச்சடித்திருக்கும் எண் அப்படியே இருக்கும். அது வாங்கித் தரும் அரிசி மட்டும் சத்தமில்லாமல் குறையும்.

இங்கே இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. பணக்கூலி என்பது சம்பளச் சீட்டில் இருக்கும் ரூபாய் எண்ணிக்கை. உண்மைக்கூலி என்பது அந்த ரூபாயைக் கொண்டு நிஜமாக வாங்க முடிகிற அரிசி, பால், வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம். நமக்கு வேண்டியது இரண்டாவது. நாம் பேசுவதோ எப்போதும் முதலாவதை.

ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு பாலம் இருக்கிறது. அதன் பெயர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடையின் விலையை மாதா மாதம் அரசு கணக்கெடுக்கிறது. ஏதோ ஒரு வருடத்து விலையை 100 என்று வைத்துக்கொண்டு, பிறகு வரும் விலைகளை அதோடு ஒப்பிடுகிறார்கள். 2012ஐ 100 என்று வைத்த வரிசையில் இந்த எண் 2024 முடிவதற்குள் 190ஐத் தாண்டிவிட்டது. அதாவது 2012இல் நூறு ரூபாய்க்கு நிறைந்த கூடைக்கு இப்போது 190 ரூபாய்க்கு மேல் வேண்டும். இந்த ஏற்றத்தின் வேகத்துக்குத்தான் பணவீக்கம் என்று பெயர்.

கணக்கு எளிது. பணக்கூலியைக் குறியீட்டெண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் உண்மைக்கூலி. நம் பையனின் 3 லட்சத்து 60 ஆயிரத்தை 190ஆல் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள்: 2012ஆம் வருடத்து ரூபாயில் சுமார் 1 லட்சத்து 89 ஆயிரம்.

இது ஏன் வலிக்கிறது என்றால், பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்கு 2012 வாக்கில் கொடுத்ததும் மூன்று லட்சத்தை ஒட்டிய தொகைதான். இன்றும் நிறையப் பேருக்கு மூன்றரையை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் சம்பளம் லேசாக ஏறியிருக்கிறது. நெல்லாக அளந்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணோம். "நானும் மூணு லட்சத்துலதான் ஆரம்பிச்சேன்" என்று தம்பிகளுக்கு அறிவுரை சொல்லும் என் வயதுக்காரர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுடைய மூன்று லட்சமும் இவனுடைய மூன்று லட்சமும் ஒரே பணம் இல்லை.

அதற்கும் முந்திய தலைமுறைக்கு வாருங்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று 1940இலிருந்து 1954க்குள் பெங்களூரில் வரிசையாக எழுந்த பொதுத்துறை ஆலைகளில் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யும் ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழும் இருந்தால் போதும். அவர்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கேன்டீன், ஆலைப் பேருந்து என்று பணமாக வராத கூலி எவ்வளவோ இருந்தது. அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்த அப்பாக்களை நமக்கெல்லாம் தெரியும். அவர்கள் சிக்கனம் ஒரு காரணம். வாடகையும் வைத்தியமும் சம்பளத்துக்கு வெளியே இருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சிடிசி கம்பெனியின் செலவு, கைக்கு வருவது அதைவிடக் குறைவு, கைக்கு வந்ததன் பலம் விலைவாசியைப் பொறுத்தது.

## உங்கள் கூடையும் அரசின் கூடையும்

சரி, "பணவீக்கம் 5 சதவீதம், எனக்கு இன்க்ரிமென்ட் 8 சதவீதம், அப்போ 3 சதவீதம் லாபம்தானே?" என்று கேட்பீர்கள். கணக்கு சரி. ஆனால் அந்த 5 சதவீதம் நாட்டின் சராசரிக் கூடைக்கு. உங்கள் கூடை வேறு.

மேலே சொன்ன 2012 வரிசையில் கிராமமும் நகரமும் சேர்ந்த குறியீட்டில் வீட்டுக்குக் கொடுத்த எடை சுமார் 10 சதவீதம். நகரத்துக்கு மட்டும் எடுத்தால் 22 சதவீதம் அளவில். நம் பையன் மூன்று பேராகச் சேர்ந்து 24,000 ரூபாய் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறான். அவன் பங்கு 8,000. கைச் சம்பளத்தில் 36 சதவீதம். வாடகை ஏறும் வருடத்தில் அரசு எண் சொல்வதைவிட அவனுக்கு விலைவாசி கடுமையாகத்தான் இருக்கும். சொந்த வீட்டில் இருக்கும் அவன் மேனேஜருக்கு அதே வருடம் லேசாகக் கழியும். இரண்டு பேருக்கும் கம்பெனி கொடுப்பது ஒரே 8 சதவீதம்.

வாடகையைப் பற்றிப் பேசும்போது அட்வான்ஸை விட முடியாது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நீண்ட காலப் பழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்தாறு மாதமாகக் குறைந்திருக்கிறது, பழைய வீட்டுக்காரர்கள் இன்னும் பத்தில் நிற்கிறார்கள். திருப்பித் தரும் பணம்தானே என்று தோன்றும். ஆனால் 12,000 வாடகைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கிறது. வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருடம் 8,400, மாதம் 700 வந்திருக்கும். அந்த 700 சீட்டில் எழுதாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். இரண்டு வருடம் இருந்து காலி செய்தால் அதுவும் மாதம் 500. ஆக 12,000 என்று பேசிய வீட்டின் நிஜ வாடகை 13,200. கையில் அந்த லட்சம் இல்லாமல் வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு இதைவிட மோசம்.

போக்குவரத்தும் இதே கதைதான். 2025 ஜனவரியில் நகரப் பேருந்துக் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. நான்கே மாதத்துக்குள் மூன்று ஏற்றம். இன்னொரு பக்கம், கர்நாடகத்தில் முகவரி உள்ள பெண்களுக்கு 2023 ஜூன் முதல் அரசுப் பேருந்து இலவசம். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்குச் சம்பளம் ஏறாமலேயே உண்மைக்கூலி ஏறியது இப்படித்தான். பஸ் காசு மிச்சமானதும் அவர் எண்ணெயை அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டராக வாங்கத் தொடங்கினார்.

நேரமும் ஒரு செலவு. கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடிய பிறகு, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெங்களூர்தான் சுரங்கம். விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். அங்கே வாடகை குறைவு, பல பேருக்கு வாடகையே இல்லை. ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 25 நாளில் 100 மணி நேரம் ரயிலில் போகிறது. 22,000 ரூபாயை வேலை செய்த 200 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 110 ரூபாய். வேலைக்காக வீட்டை விட்டு இருந்த 300 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 73. ஓசூரில் குடியிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களும் இதே பேரத்தைத்தான் தினமும் செய்கிறார்கள். மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மசந்திரா வரை வந்ததும் அங்கிருந்து நகருக்குள் போகிறவர்களுக்குக் கொஞ்சம் நேரம் திரும்பக் கிடைத்தது. அதுவும் ஒரு கூலி உயர்வுதான்.

## பட்டம் செய்யும் இரண்டு வேலைகள்

இப்போது தாய்மாமனின் கேள்விக்கு வருவோம். நான்கு வருடப் படிப்பு எதற்கு?

நகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையலுக்குப் பின்னால் இரண்டு வேலை நடக்கிறது. தங்கத்தை உருக்கிச் சுத்தப்படுத்தி நகையாக்குவது ஒன்று. அதன் மேல் 916 என்று ஹால்மார்க் முத்திரை குத்துவது மற்றொன்று. முத்திரை தங்கத்தை மாற்றுவதில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு உரசிப் பார்க்கும் வேலை மிச்சம்.

படிப்பும் இந்த இரண்டையும் செய்கிறது. கல்லூரியில் உண்மையிலேயே கற்றுக்கொண்டு, அதனால் வேலை நன்றாக வருகிறது என்றால் அது திறமைச் சேர்ப்பு. பொருளாதாரத்தில் இதற்கு மனித மூலதனம் என்று பெயர். மற்றது முத்திரை. முன்பின் தெரியாத ஒருவரை வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கு அவர் ஒழுங்காக வருவாரா, சொன்னதைப் புரிந்துகொள்வாரா என்று உள்ளே புகுந்து பார்க்க வழியில்லை. நான்கு வருடம் அரியர் வைக்காமல் முடித்தவர் என்றால் ஓரளவு நம்பலாம் என்று எடுத்துக்கொள்கிறது. இதைச் சமிக்ஞை என்பார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973இல் இதைக் கணக்காக நிறுவிக் காட்டினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

ஒரு படிப்பில் எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். நர்சிங்கில் பெரும்பகுதி தங்கம். "ஏதாவது ஒரு டிகிரி" என்று கேட்கும் கால் சென்டர் வேலைக்கு அந்த டிகிரி ஏறக்குறைய முழுக்க முத்திரைதான். அங்கே விலங்கியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே அழைப்பை எடுக்கிறார்கள்.

முத்திரைக்கு ஒரு குணம் உண்டு. எல்லா நகையிலும் அது இருந்தால் அதனால் பிரித்தறிய முடியாது. உயர்கல்வி பற்றிய 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கல்லூரியில் சேர்ந்திருப்பவர்கள் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இது பெருமைப்பட வேண்டிய எண். ஒரு தலைமுறைக்கு முன்னால் கல்லூரி வாசலையே மிதிக்காத வீடுகளிலிருந்து பெண்கள் படித்து வந்திருக்கிறார்கள். அதே நேரம், பி.இ. என்ற முத்திரை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகத் தெரிய முடியாமல் போனதும் இதனால்தான். கம்பெனிகள் அடுத்த சல்லடைக்குப் போய்விட்டன: பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம், இந்தந்தக் கல்லூரி மட்டும், ஆன்லைன் தேர்வு, இங்கிலீஷில் பேசும் சரளம். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது தேறியிருந்தால் போதும். அதற்குப் பட்டதாரிகள் மொய்ப்பதும் இதே காரணத்தால்தான்.

அதனால் பட்டம் பயனற்றுப் போனதா? இல்லை. முன்பு இருந்தால் லாபமாக இருந்தது, இப்போது இல்லாவிட்டால் நஷ்டமாக மாறியிருக்கிறது. டிகிரி இல்லாதவரின் விண்ணப்பத்தை நிறைய இடங்களில் கம்ப்யூட்டரே ஒதுக்கிவிடுகிறது. வாசல் திறப்பதோடு அதன் வேலை முடிகிறது. உள்ளே என்ன கிடைக்கும் என்று அது சொல்வதில்லை.

## "படித்தவனுக்குத்தான் வேலை இல்லை" என்ற பேச்சு

இந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது, அதைப் படிக்கும் விதத்தில்தான் பிசகு. பெங்களூரில் இருக்கும் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, 2021-22 நிலவரப்படி 25 வயதுக்குக் கீழ் உள்ள பட்டதாரிகளில் வேலையின்மை 42 சதவீதம் என்றது. எல்லோரும் பகிர்ந்தது இந்த ஒரு வரியைத்தான். அதே அறிக்கையில், 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளிடம் அது 5 சதவீதத்துக்கும் கீழ் என்றும் இருக்கிறது.

வேலையில்லாதவர் என்று கணக்கில் வருவது வேலை தேடியும் கிடைக்காதவர். தேடிக்கொண்டே இருக்க யாராவது சோறு போட வேண்டும். படிக்காத கூலித் தொழிலாளி ஒரு வாரம் சும்மா இருந்தால் அடுப்பு எரியாது. அதனால் கிடைத்த வேலைக்குக் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார், புள்ளிவிவரத்தில் வேலை உள்ளவர் ஆகிவிடுகிறார். பட்டதாரி, பட்டத்துக்கு ஏற்ற வேலை வரட்டும் என்று ஒரு வருடம், இரண்டு வருடம் பொறுக்கிறார். அந்த 42 சதவீதத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பு. கடைசியில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வேலை அமைகிறது. அது அவர்கள் படித்ததற்கு ஏற்ற வேலைதானா என்பது வேறு கேள்வி, எனக்கு உண்மையான கவலை அங்கேதான். வீட்டின் கையிருப்பைக் கரைத்து மூன்று வருடம் காத்திருந்து, முதல் வருடத்திலேயே கிடைத்திருக்கக்கூடிய வேலையில் போய்ச் சேர்கிற பிள்ளைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

## பட்டத்துக்கு நாம் கொடுக்கும் விலை

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சேர்த்துச் சொல்லாதது இன்னொரு தொகை. படிக்கப் போனதால் சம்பாதிக்காமல் விட்ட பணம். இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். நிலத்தில் கரும்பு போட்டால் நெல் போட முடியாது. கரும்பின் செலவில் அந்த நெல்லும் ஒரு பங்கு.

ஒரு உத்தேசக் கணக்கு. கல்லூரிக்கும் விடுதிக்கும் வருடம் ஒன்றரை லட்சம், நான்கு வருடத்துக்கு 6 லட்சம். அதே நான்கு வருடம் ஓசூரிலோ பீன்யாவிலோ ஒரு பட்டறையில் மாதம் 12,000க்கு வேலை செய்திருந்தால் 5 லட்சத்து 76 ஆயிரம். ஆகப் பட்டத்தின் விலை சுமார் 11 லட்சத்து 76 ஆயிரம். பட்டதாரிக்கு மாதம் 8,000 கூடுதலாகக் கிடைத்தால் வருடம் 96,000. போட்டதை எடுக்கப் பன்னிரண்டு வருடம். 15,000 கூடுதல் என்றால் ஆறரை வருடம். கூடுதலே இல்லையென்றால் எப்போதும் இல்லை. ஆகவே "டிகிரி லாபமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எந்தப் படிப்பு, எவ்வளவு ஃபீஸ், அதை விட்டால் வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டால்தான் வரும். கம்ப்யூட்டரால் இயங்கும் சி.என்.சி. மெஷினில் நல்ல ஆபரேட்டர் ஆகக்கூடிய ஒரு பையனைக் கடன் வாங்கி, பெயர் தெரியாத கல்லூரியில் தள்ளுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

கடன் என்றதும் ஒரு கணக்கு. கல்விக் கடனில் 4 லட்சம் வரை பிணை கேட்க மாட்டார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். பலர் இதை வட்டியில்லாக் காலம் என்று நினைக்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு ஒரு லட்சமாக வாங்கி, 10 சதவீதம் தனிவட்டி என்று வைத்தால், ஐந்தாம் வருட முடிவில் 4 லட்சம் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 9,000. 22,178 வாங்குகிற கையிலிருந்து!

கல்லூரித் துண்டுப் பிரசுரத்தில் "சராசரிச் சம்பளம் 6.7 லட்சம்" என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு 40 லட்சம், ஒன்பது பேருக்குத் தலா 3 லட்சம் என்றாலும் சராசரி 6.7 லட்சம்தான். எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். அதற்கு இடைநிலை அளவு என்று பெயர். இங்கே அது 3 லட்சம். உங்கள் பிள்ளை பெரும்பாலும் அந்த நடு ஆளுக்குப் பக்கத்தில்தான் நிற்பான்.

## மாமாவின் கேள்விக்குப் பதில்

டெலிவரி செய்கிற பையனின் கணக்கையும் அதே முறையில் பிரித்தோம். மாதம் 28,000 எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் 26 நாளில் பெட்ரோல் 6,000 அளவில். வண்டித் தவணையும் சர்வீசும் 4,000. மீதி 18,000. பன்னிரண்டு மணி நேர நாள் என்றால் மாதம் 312 மணி. மணிக்கு 58 ரூபாய். பி.எஃப். இல்லை, கை கால் அடிபட்டால் அந்த வாரம் வருமானம் இல்லை. கர்நாடக அரசு 2025இல் இந்தத் தொழிலாளர்களுக்கென்று சட்டம் கொண்டுவந்து, நலநிதிக்குக் கம்பெனிகள் 1 முதல் 5 சதவீதம் வரை செலுத்த வேண்டும் என்றது நல்ல தொடக்கம். இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

மழையில் நனைந்து ஓட்டும் அந்த உழைப்புக்கு இது போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மாமா ஒப்பிட்டது அவனுடைய செலவு போகாத 28,000த்தை, இவனுடைய எல்லாப் பிடித்தமும் போன 22,000த்தோடு. ஒரு தட்டில் உமியோடு நெல், மறு தட்டில் தீட்டிய அரிசி.

இன்னொன்று, பாதை. டெலிவரியில் முதல் வருடமும் ஆறாம் வருடமும் ஏறக்குறைய ஒரே வருமானம், வயது மட்டும் ஏறும். அலுவலக வேலையில் முதல் மூன்று வருடம் கற்றுக்கொண்டு கம்பெனி மாறினால்தான் சம்பளம் தாவும். மாறாமல், கற்காமல் உட்கார்ந்தால் அங்கேயும் தேக்கம்தான். அப்படிப்பட்ட சம்பளச் சீட்டுகளை மாதா மாதம் நானே அச்சடிக்கிறேன்.

அப்புறம், சீட்டில் வராத பயனும் இருக்கிறது. இவன் வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி. அதற்கான சான்றிதழால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. நாளைக்கு வங்கித் தேர்வோ குரூப் 2வோ எழுத அவனுக்கு வழி திறந்திருக்கிறது. அவன் தங்கை பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளை நிறுத்துவதைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. இதை ரூபாயாக்க எனக்குத் தெரியாது, ஆனால் கணக்கில் விடவும் மனம் வராது.

அந்தக் காகிதத்தின் பின்பக்கம் கடைசியாக அவனே எழுதினான். வாடகை 8,000. சாப்பாடு 5,500. மெட்ரோ, பஸ் 2,200. கரன்ட், கேஸ், போன் 1,000. மீதி 5,478. படிப்புக்காக அடகில் இருக்கும் அம்மாவின் நகைக்கு வட்டி 1,500. கையில் 3,978. வேரியபிள் போன வருடம் எத்தனை பேருக்கு முழுதாகக் கொடுத்தார்கள், முதல் இன்க்ரிமென்ட் எப்போது என்று இரண்டு கேள்வியைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்தது. சேர்ந்துவிட்டான்.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "முப்பதில்லம்மா. கைக்கு இருபத்திரண்டு. எல்லாம் போக நாலாயிரம் நிக்கும். தீபாவளிக்குள்ள அந்த ரெண்டு வளையலை மட்டும் மீட்டுடலாம், சங்கிலி அடுத்த வருஷம்" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு அவர் கேட்டது இதுதான்: "சாப்பாட்டுக்கு அஞ்சாயிரத்து ஐந்நூறு போதுமாப்பா?"